தீபாவளி மேசைவிரிப்புக்கு மெஷின் எம்ப்ராய்டரி பார்டர் போட்டால் மூலையில் பூ பாதியில் வெட்டுப்படுகிறது. சரியாக வர என்ன செய்யலாம்? (டர்பன்)

மூலையில் இருந்து தொடங்குங்கள். நான்கு மூலைப் பூவையும் முதலில் போட்டுவிட்டு, நடுவை அப்புறம் நிரப்ப வேண்டும். 150 செ.மீ. விரிப்பில் ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளினால் பக்கத்துக்கு 140 மிஞ்சும். 10 செ.மீ. மூலைப் பூ இரண்டு போக 120. நடுவில் திரும்பத் திரும்ப வரும் உங்கள் கொடி டிசைன் 12 செ.மீ. என்றால் பத்து முறை கச்சிதமாக உட்காரும். 3.3 செ.மீ. மிஞ்சினால், 11 இடைவெளிக்கும் 3 மி.மீ. பகிர்ந்து விடுங்கள்; யார் கண்ணுக்கும் தெரியாது. கணக்கை நம்பி நேரே தைக்காமல், டிசைனைத் தாளில் அச்செடுத்துத் துணிமேல் குத்திப் பாருங்கள்.

பருத்தியோ லினனோ, தைக்குமுன் துவைத்து இஸ்திரி போடுவது கட்டாயம். பிறகு சுருங்கினால் பார்டர் அலையலையாக எழும்பிவிடும். கீழே ஸ்டெபிலைசர் (தைக்கும்போது துணி இழுபடாமல் தாங்கும் தாள்) வையுங்கள். தண்ணீரில் கரையும் வகை நம் கடற்கரை ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், ஆகவே மூடிய பையில் வையுங்கள். ஊசி 75/11 அளவு போதும்.

நூல் பாலியெஸ்டரே நல்லது. கறிக்குழம்பும் மஞ்சளும் சிந்தும் விரிப்பு, அடிக்கடி துவைக்கத்தான் வேண்டும். ரேயான் பளபளத்தாலும் அத்தனை தாங்காது. பாபின் நூலும் (அடியில் ஓடும் நூல்) துணியின் நிறத்திலேயே இருக்கட்டும், தொங்கும் ஓரத்தில் பின்பக்கமும் தெரியும். பார்டரைத் தட்டு வைக்கும் இடத்தில் போடாதீர்கள், அடர்த்தியான தையல்மேல் டம்ளர் சாயும்.