கமராவை அரிசிக்குள் புதைத்தவர்களுக்கு

கேள்வி: அப்பா தோட்டம் தோட்டமாக நடந்து போய் அடையாள அட்டைக்குப் படம் பிடித்த பென்டெக்ஸ் கே1000 கமரா அது. போன வாரம் மஸ்கெலியாப் பக்கம் ஓயாவைக் கடக்கும்போது வழுக்கி, கமராவோடு தண்ணீருக்குள் விழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். இப்போது பிலிமை நகர்த்தும் லீவர் பாதியில் இறுகி நிற்கிறது. உள்ளே 36 படப் பிலிம் ரோல், 24 படம் எடுத்தாயிற்று. தேயிலை பேக்டரியில் வேலை செய்கிற மாமா, ட்ரையரில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்போம் என்கிறார். செய்யலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: மாமாவிடம் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் தம்பி. ட்ரையருக்குள் போகிற காற்று 90 பாகைக்கு மேல், கொழுந்துக்கு அது சரி, கமராவுக்கு ஆகாது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி ஓடி லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்களில் படிந்துவிடும், அப்புறம் அதைத் துடைத்தெடுப்பது தனி வேலை. அடுப்புக்கு மேல் பரணும் வேண்டாம், ஹெயார் டிரையரும் வேண்டாம். அரிசி வைத்தியம் யார் கண்டுபிடித்ததோ தெரியவில்லை, அது ஈரத்தைப் பெரிதாக இழுப்பதும் இல்லை, அதன் மாவுத்தூள் பல்சக்கரத்துக்குள் போய்க் குந்திக்கொள்கிறது.

உங்களுக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. 1976 முதல் 1997 வரை வந்த இந்த கே1000 முழுக்க முழுக்க இயந்திரம், பெட்டரி வெளிச்ச மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. விழுந்ததும் கடலில் இல்லை, ஓயாவில். உப்புத் தண்ணீராக இருந்திருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும். அடியில் உள்ள மூடியைத் திருகிப் பெட்டரியை உடனே கழற்றுங்கள், லென்ஸையும் கழற்றித் தனியே வையுங்கள். லீவரை மட்டும் இனித் தொடாதீர்கள். நான் ஒருமுறை நனைந்த கமராவை "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பத்துத் தரம் லீவரை இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் செய்யாத சேதத்தை என் கை செய்தது.

இப்போது பிலிமுக்கு வருவோம், என்னைக் கேட்டால் கமராவை விட அதுதான் அவசரம். நனைந்த பிலிமைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் மேலே உள்ள ஜெலட்டின் பசை மாதிரி ஒரு சுற்றோடு அடுத்த சுற்றை ஒட்டிவிடும். விழுந்த அன்றே இருட்டில் மெதுவாகச் சுற்றி எடுத்து, கறுப்பு டப்பாவில் நல்ல குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதற்குள் முக்கி வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் கழுவக் கொடுத்திருக்க வேண்டும். இது இனி விழப்போகிறவர்களுக்கு. உங்கள் பிலிம் இந்நேரம் காய்ந்திருக்கும். எடுத்த 24 படமும் இன்னும் பிலிம் பெட்டிக்குள் திரும்பவில்லை, வலது பக்கச் சுருளில்தான் இருக்கின்றன, இழுத்தால் ஓரத்துளை கிழியும். அதனால் பின்மூடியைத் திறக்காமல், இருட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கமராவை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். நனைந்து காய்ந்தது என்று சொல்ல மறக்க வேண்டாம், அவர் இருட்டில் எடுத்துத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, மெஷினில் போடாமல் கையாலேயே கழுவிப் பார்ப்பார். சில படங்கள் போகும், சில கறையோடு வரும்.

பிலிம் வெளியே வந்ததும் கமராவைத் திருத்துகிறவரிடம் கொடுங்கள், தள்ளிப்போட வேண்டாம், துரு நாள் பார்ப்பதில்லை. இதன் ஷட்டர் திரை துணியால் ஆனது, அது சுற்றுகிற உருளையில் துரு ஏறினால் செலவு கூடும். செலவு வேறொரு கே1000 வாங்குகிற விலைக்கு வந்தால், நானாக இருந்தால் லென்ஸை மட்டும் துப்புரவாக்கி வேறு உடலில் மாட்டிவிட்டு, அப்பாவின் கமராவை அலுமாரிக் கண்ணாடிக்குள் வைப்பேன்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீரே படவில்லையே?
- வாசகி, நுவரெலியா

பதில்: 1868 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தோடு குடியிருக்கிறீர்கள் அக்கா, தனியாகத் தண்ணீர் எதற்கு! அது பூஞ்சணம். தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டியிருப்பீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையை விட்டுவிட்டு, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இப்போதே துடைக்கக் கொடுத்தால் தப்பும், கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் அந்தத் தடம் போகாது.

கேள்வி: பிளாஷ் உள்ள சின்னக் கமரா பீலித் தண்ணீரில் விழுந்துவிட்டது. மகன் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறான்.
- வாசகர், பண்டாரவளை

பதில்: முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி வையுங்கள். பிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் பெட்டரி கழற்றிய பிறகும் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.