செவிலியர்களின் மன அழுத்தத்துக்குக் குழு ஆலோசனை உண்மையில் உதவுமா?

உதவும், ஒழுங்காக நடத்தினால்.

இரவுப் பணியில் ஒரு நோயாளி இறந்துபோகிறார். உடலைத் துடைத்து, உறவினர்களிடம் பேசி முடிப்பதற்குள் அடுத்த படுக்கையில் டிரிப் தீர்ந்துவிடுகிறது. அழ நேரமில்லை. வீட்டில் சொன்னால், "உனக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்பார்கள். அதே வேலை பார்ப்பவர்கள் நடுவில் சொல்லும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை. "எனக்கும் அன்று கை நடுங்கியது" என்று ஒரு மூத்த செவிலியர் சொன்னால், தான் மட்டுமே பலவீனமானவள் என்ற எண்ணம் உடைகிறது. தனி ஆலோசனையில் இது கிடைக்காது.

எட்டு முதல் பத்துப் பேர், பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர், வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம், சில வாரங்களாவது தொடர வேண்டும். பேசியது அறையைத் தாண்டக் கூடாது. நர்சிங் கண்காணிப்பாளர் உள்ளே உட்காரவே கூடாது. உட்கார்ந்தால் எல்லோரும் "நன்றாக இருக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள். பணி நேரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். நைட் டியூட்டி முடித்தவரை நிறுத்திவைத்து மன அமைதி வகுப்பு எடுப்பது, என்னைக் கேட்டால், தண்டனை.

ஒரு துயரச் சம்பவம் நடந்ததும் எல்லோரையும் கட்டாயமாக ஒரே ஒரு முறை உட்காரவைத்துப் பேசச் சொல்வது வேறு. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறை (PTSD) அது தடுப்பதில்லை.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையிடத்தில் சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்தியது. ஆகவே ஆள் பற்றாக்குறையைக் குழுவால் ஈடுகட்ட முடியாது. தூக்கமின்மை நீடித்தாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ குழுவுக்காகக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.