கீழக்கரைல வீட்டு வரிக்கு அப்பீல் போட ஆள் வைக்கணுமா?

நீங்க சபுர்ல, அதாவது வெளிநாட்டுல இருக்கீங்க, வீட்டு வரி டபுளாயிடுச்சு, ஏஜென்ட் வைக்கவான்னு கேட்டீங்க. காக்கா, முதல்ல நோட்டீஸ்ல எத்தனை சதுர அடி போட்டிருக்கு, குடியிருப்பா வணிகமான்னு பாருங்க. 2022ல ஏத்தினப்பவே 600 சதுர அடிக்குள்ள உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல 100 சதவீதம்னு அரசாங்கமே வச்சது, அந்த ரேட்டை எந்த ஏஜென்டாலயும் குறைக்க முடியாது, அளவோ வகையோ தப்பா இருந்தா மட்டுந்தான் வழி. பின்கட்டு ஓட்டுச் சாய்ப்பைக் கான்கிரீட் தளம்னு எழுதியிருக்கலாம், எப்பவோ மூடின கடை ஷட்டரைப் பாத்து வணிகம்னு போட்டிருக்கலாம். அதுக்கு ஃபோட்டோ, பழைய ரசீதோட நகராட்சி ஆணையருக்கு மனு போதும், வீட்டாளுங்களே குடுத்துட்டு ஒப்புகை வாங்கட்டும். அளவுல தகராறுன்னா மட்டும் லைசென்ஸ் இன்ஜினியரை வச்சு அளங்க, கூலி முன்னாடியே பேசிருங்க, ஒரிஜினல் பத்திரத்தை யார் கைலயும் குடுத்துறாதீங்க.