மெஷின் இறங்கிய மறுநாள் யார் கை ஓங்கும்?

கேள்வி: திருப்பூரில் வாடகை ஷெட்டில் எட்டு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். மூன்று கம்பெனிகள் வேலை தருகின்றன. பதினைந்து, இருபது நாளில் பணம் வந்துவிடும். இப்போது அதில் பெரிய கம்பெனி, "இன்னும் பன்னிரண்டு மெஷின் போடுங்கள், முழு வேலையும் நாங்களே தருகிறோம், மற்ற இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள்" என்கிறது. ஆனால் பில் போட்டு 60 நாள் கழித்துத்தான் பணம். மெஷின், வயரிங், ஷெட் அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். மனைவி வேண்டாம் என்கிறார். நல்ல வாய்ப்பை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடன் வாங்கலாமா கூடாதா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் சரி என்று சொன்ன மறுநாள் அந்தக் கம்பெனிக்காரர் என்ன செய்ய முடியும் என்று முதலில் பார்ப்போம். தொழிலில் முடிவெடுப்பது மழை வருமா வராதா என்று பார்த்துக் குடை எடுப்பதைப் போன்றதில்லை. நாம் குடை எடுத்தோமா என்று மழை பார்ப்பதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார், பார்த்துவிட்டுத் தன் அடுத்த காயை நகர்த்துவார்.

இன்று அவருக்கு நீங்கள் தேவை. ஆர்டர் கையில் இருக்கிறது, தைக்க ஆள் இல்லை, அதனால்தான் உங்கள் ஷெட் வாசலில் நிற்கிறார். பன்னிரண்டு மெஷினும் இறங்கி, மற்ற இரண்டு கம்பெனிகளையும் நீங்கள் விட்டுவிட்டால், மறுநாளிலிருந்து உங்களுக்கு அவர் தேவை. பீஸுக்கு 12 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சீசன் ஓய்ந்த பிறகு, "மார்க்கெட் டல் சார், பத்தரைக்குப் பண்ணுங்க" என்கிறார். நீங்கள் மறுப்பீர்களா? 9 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 29,900 ரூபாய். மெஷினை நிறுத்தி வைத்தாலும் தவணை நிற்காது. அதனால் பத்தரைக்கும் தைப்பீர்கள். இது அவருக்கும் தெரியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, அவருக்கு மேலே உள்ள பையர், அதாவது அவரிடம் துணி வாங்குகிறவர், விலையைக் குறைத்தால் அந்தச் சுமை கீழே உங்கள் மேல்தான் இறங்கும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தப் பயம் உண்டு. 1981இல் தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த ஐபிஎம், அதற்கு இன்டெலின் சிப்பைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒரே ஆளை நம்பி இருக்க மாட்டோம், அதே சிப்பைச் செய்து தர இரண்டாவதாக ஒருவர் வேண்டும் என்று கேட்டது. அப்படித்தான் 1982இல் இன்டெல், ஏஎம்டியுடன் ஒப்பந்தம் போட்டது. அந்த ஏஎம்டி பின்னாளில் இன்டெலுக்கே போட்டியாக வளர்ந்தது தனிக்கதை. ஐபிஎம்மே ஒற்றைக் கயிற்றில் தொங்க மறுத்தது, எட்டு மெஷின்காரரான நீங்கள் ஏன் தொங்க வேண்டும்?

அடுத்து, உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 9 லட்சம் என்கிறீர்கள். இருபது மெஷினுக்கு டெய்லர், கைமடி (உதவியாள்), செக்கிங் எல்லாம் சேர்த்து வாரச் சம்பளம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கையில் கொடுத்தாக வேண்டும். முதல் பில்லுக்குப் பணம் வர 60 நாள் ஆனால், அதற்குள் எட்டு சனிக்கிழமை போய்விடும். 7,20,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். வாடகையும் கரண்ட் பில்லும் தனி. ஆக உங்களுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 16 லட்சம். மீதி 7 லட்சம் எங்கிருந்து வரும் என்று உங்கள் மனைவிக்கு இப்போதே தெரிந்திருக்கும், அவர் கழுத்தில்தான் கிடக்கிறது.

இந்த 60 நாள் பேச்சே சட்டப்படி செல்லாது. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்த சிறு தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: குறு, சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகை அந்த நிதியாண்டு முடிந்தும் பாக்கி நின்றால், அதைக் கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்லி நச்சரிப்பார். உத்யம் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று, உங்களுக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர் மேல் நீங்கள் புகார் கொடுக்கப் போவதில்லை. இன்னொரு கம்பெனி கைவசம் இருந்தால்தான் சட்டமும் கைகொடுக்கும்.

அதனால், கடனைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு சின்னக் கம்பெனிகளை விடுவதுதான். மெஷினை நஷ்டத்துக்காவது விற்கலாம், திருப்பூரில் பழைய ஓவர்லாக் மெஷினுக்கு ஆள் கிடைக்காமல் போகாது. நீங்கள் கைவிட்ட வாடிக்கையாளர் அடுத்த வாரமே வேறு ஷெட்டைப் பிடித்திருப்பார். ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் டீ வாங்கிக் கொடுப்பார், வேலை கொடுக்க மாட்டார்.

நேரில் போய் இப்படிப் பேசிப் பாருங்கள். முதலில் ஆறு மெஷின் மட்டும். மாதம் இத்தனை பீஸ் கட்டாயம் தருவோம், தராவிட்டாலும் அதில் பாதிக்கான கூலி உண்டு என்று ஓராண்டுக்கு எழுத்தில் வேண்டும். பணம் 30 நாளில். மற்ற இருவருக்கும் நான்கு மெஷின் ஒதுக்கித்தான் வைப்பேன் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். இதெல்லாம் முடியாது என்றால், "மெஷினை நீங்களே வாங்கிப் போடுங்கள், நான் ஆளையும் ஷெட்டையும் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் முகம் போகிற போக்கைக் கவனியுங்கள். ஓராண்டுக்கு வேலை இருக்கிறது என்று அவரே நம்பினால், மெஷினில் பணம் போட அவ்வளவு யோசிக்க மாட்டார். யோசித்தால், உங்கள் கடனில் தன் சீசனை ஓட்டப் பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஒருவேளை ஒத்துக்கொண்டு ஆரம்பித்தால், முதல் மெஷின் இறங்குவதற்கு முன்பே வீட்டில் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பில் பாக்கி நின்றால் புது வேலை எடுப்பதில்லை, எந்த ரேட்டுக்குக் கீழே தைப்பதில்லை, நகையைத் தொடுவதா இல்லையா. அந்தத் தாள் உங்கள் மனைவியிடமே இருக்கட்டும்.