எக்ஸ்ரே எடுத்ததும் பயம், ஸ்கேன் எடுக்காததும் பயம்

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 மாதம். போன மாதம் இரண்டடி உயரக் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. உடனே வீறிட்டு அழுதாள். சற்று நேரத்தில் வழக்கம்போல் விளையாட ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, ‘சி.டி. ஸ்கேன் வேண்டாம், வீட்டில் வைத்துக் கவனியுங்கள்’ என்றார். ‘ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்’ என்று வீட்டில் இன்னமும் குறைபடுகிறார்கள். இதற்கு நடுவில், சளித் தொந்தரவுக்காக அவளுக்கு இரண்டு முறை மார்பு எக்ஸ்ரே எடுத்ததை நினைத்தும் பயமாக இருக்கிறது. நாங்கள் செய்தது சரியா?

பதில்: இரண்டுமே சரிதான். முதலில் எக்ஸ்ரே பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடலில் சேரும் கதிர்வீச்சு சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), சின்னக் குழந்தைக்கு இன்னும் குறையலாம். மண், காற்று, வானம் என்று எல்லாப் பக்கமிருந்தும் நாம் சும்மா இருக்கும்போதே வாங்கிக்கொள்ளும் இயற்கைக் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு எக்ஸ்ரே ஏறக்குறைய மூன்று நாள் உயிரோடு இருப்பதற்குச் சமம். நிமோனியாவா என்று பார்க்க எடுத்த இரண்டு படங்களுக்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

சி.டி. கதை வேறு. குழந்தைக்குத் தலை சி.டி. எடுத்தால் 2 மில்லிசீவர்ட் அளவுக்குச் சேரும். அதாவது பத்து மாத இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில். வளரும் உடலின் செல்கள் வேகமாகப் பிரிபவை, கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுபவை. போதாததற்கு, பாதிப்பு வெளியே தெரிவதற்குக் குழந்தையின் எதிரே நீண்ட ஆயுளும் கிடக்கிறது. பிரிட்டனில் நடந்து 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்குப்படி, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 10,000 தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். மிகச் சிறிய ஆபத்துதான். ஆனாலும் வீட்டாரின் நிம்மதிக்காக அதைக் குழந்தையின் தலையில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்கேன் இல்லாமல் உங்கள் டாக்டர் எப்படி முடிவெடுத்தார்? வட அமெரிக்காவில் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,412 பேரை ஆராய்ந்து, 2009-இல் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஆறு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மந்தமாகவோ நிதானமில்லாமலோ இருக்கிறதா, மண்டையோட்டு முறிவு கைக்குத் தட்டுப்படுகிறதா, ஐந்து நொடிக்கு மேல் நினைவு தப்பியதா, மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா, நெற்றியைத் தவிர தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ வீக்கம் இருக்கிறதா, ‘என் குழந்தை எப்போதும்போல் இல்லை’ என்று பெற்றோர் சொல்கிறார்களா. ஆறும் இல்லையென்றால் மூளையில் பெரிய காயம் இருக்கும் வாய்ப்பு 0.02 சதவீதத்துக்கும் கீழே.

அந்த ஆறாவதைக் கவனித்தீர்களா? தாயின் வாய்வார்த்தை அதில் ஒரு மருத்துவ அறிகுறி! நெற்றிப் புடைப்பு அச்சமூட்டும், எலுமிச்சை அளவுக்குக்கூட வீங்கும். ஆனால் அங்கே எலும்பு தடிமன். காதுக்கு மேலே எலும்பு மெல்லியது, அதன் உட்புறமே ரத்தக் குழாய் ஓடுகிறது. நான் அந்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. மெத்தென்று சேறுபோல் அமுங்கினால், குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தாலும் யோசிப்பேன்.

ஆறில் ஏதாவது இருந்தால் எல்லாருக்கும் சி.டி. என்றில்லை, சிலரைச் சில மணி நேரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தால் போதும். வீட்டுக்கு வந்தபின் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஓயாத அழுகை என்று எது வந்தாலும் உடனே திரும்ப வேண்டும். வழக்கமான நேரத்தில் தூங்கினால் தூங்கட்டும், விழித்திருக்க வைத்து வதைக்க வேண்டாம்.

‘கதிர்வீச்சே இல்லாத அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமே’ என்று பலர் கேட்கிறார்கள். கைக்குழந்தையின் உச்சிக்குழி வழியாக மூளையை அப்படிப் பார்க்க முடியும். 14 மாதத்தில் அந்த ஜன்னல் பெரும்பாலும் மூடிக்கொண்டிருக்கும். திறந்திருந்தாலும் மண்டையோட்டை ஒட்டிய ரத்தக்கசிவு சரியாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் அசையாமல் கிடக்க இந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். அவசரத்துக்குச் சி.டி.தான் வேகம், அதனால் டாக்டர் எடுக்கச் சொன்னால் கதிர்வீச்சை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். ‘குழந்தைக்குரிய குறைந்த அளவில்தானே எடுக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கூட நிற்பவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

அந்த இரண்டு எக்ஸ்ரே படங்களையும் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை இருமல் வந்து வேறு டாக்டரிடம் போனால் முதலில் அவற்றை நீட்டுங்கள். பழைய படம் கையில் இல்லாததாலேயே புதிதாக எடுக்கப்படும் படங்களை நான் நிறையவே பார்க்கிறேன்.