போர் போடும் முன் ஒரு வாளி

கேள்வி: ஐயா, கே.வி.குப்பம் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் செம்மண் நிலம். 60 அடிக் கிணறு மாசியிலேயே வற்றிவிட்டது. 650 அடி போர் அரை மணி ஓடினால் காற்றுதான் வருகிறது. இரண்டு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி அரை மணி ஓடும். 40 தென்னை இருக்கிறது, ஓலை தொங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு ஜெர்சி கலப்பு மாடு, ஒரு கிடாரி. ஒரு மாடு ஆறு மாதச் சினை. இன்னொன்றுக்கு மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் கொத்து வேலை, பையன் ஆம்பூரில் ஷூ கம்பெனி. நானும் மாமியாரும்தான் நிலத்தைப் பார்க்கிறோம். நகையை வைத்து 1000 அடிக்கு இன்னொரு போர் போடலாமா? இல்லை, மாடுகளைப் பொய்கை சந்தைக்கு ஓட்டிவிட்டு ஆடு வாங்கலாமா? சித்திரை மழையை நம்பித் தீவனச் சோளம் விதைத்தேன், முழங்கால் உயரத்தில் சுருண்டு நிற்கிறது. அதையாவது அறுத்து மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்தச் சோளத்தை இன்றைக்கு மாட்டுக்குப் போடாதீர்கள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாடு அந்தப் பக்கம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். முழங்கால் உயரம்தான் மிக ஆபத்தான பருவம். ஒரு மழை பெய்து குபுகுபுவென்று தழைக்கும்போதும் அதே ஆபத்து, பச்சையைப் பார்த்து ஏமாறக்கூடாது. பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடலாம்.

நான் வேலையில் இருந்த காலத்தில் இதே போன்ற வைகாசியில் ஒரு வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் கறவை மாடு பக்கவாட்டில் கிடந்தது, வாயோரம் நுரை, பல் இடுக்கில் சோளத்தழை அப்படியே இருந்தது. காலையில் ஒரு கட்டு போட்டோம், அரை மணியில் தள்ளாடியது என்றார்கள். மூச்சு வாங்கினாலோ நுரை தள்ளினாலோ வெல்லம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 எண்ணுக்கும் போன் போடுங்கள். மாற்று மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

சரி, இனி போர்.

நம் பக்கத்து நிலம் உங்களுக்கே தெரியும். மேலே செம்மண், அடியில் உதிரிப்பாறை, அதற்கும் கீழே கருங்கல். தண்ணீரைத் தேக்கி வைப்பது பெரும்பாலும் அந்த உதிரிப்பாறைதான். கருங்கல்லில் தண்ணீர் நிற்க இடம் கிடையாது. அதில் இருக்கிற வெடிப்பில்தான் கொஞ்சம் ஓடும், ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். 650 அடியில் திக்கித் திணறுகிற நிலத்தில் 1000 அடியில் வெடிப்பு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டப் பாயின்ட் பார்ப்பவரின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் போரில் புகை மட்டும் வந்தால் அவர் கூலியைத் திருப்பித் தரமாட்டார். எங்கள் அப்பா மூன்று போர் போட்டார். மூன்றாவது போரின் கடனை நான் உத்தியோகத்துக்கு வந்துதான் அடைத்தேன். அதனால் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றில் இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பும் நின்றது, கிணறு ராத்திரியில் ஊறிக்கொண்டது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. அதனால் எவ்வளவு இறைக்கலாம் என்கிற கணக்கை இப்போது நாம்தான் போட வேண்டும்.

நாளைக் காலையில் 15 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டதும் குழாய் வாயில் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். கால் மணி கழித்து மறுபடி, காற்று வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி. மூன்றுக்கும் சராசரி 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 4,500 லிட்டர், அரை மணிக்கு 2,250. இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓட்டினால் 6,750 லிட்டர். உங்கள் கணக்கு கூடவோ குறையவோ வரலாம், முறை இதுதான்.

இதைப் பங்கு பிரிப்போம். வீட்டுக்கு 400 லிட்டர். இரண்டு மாடும் கிடாரியும் இந்த வெயிலில் 250 லிட்டர் குடிக்கும். அதில் கை வைக்காதீர்கள், பால் முதலில் வற்றுவது தண்ணீர்த் தொட்டியில்தான். தென்னைக்கு மரத்துக்கு 40 லிட்டர் வீதம் 1,600. மிச்சம் 4,500. சொட்டுநீரில் 20 சென்ட் தீவனத்துக்கு நாளைக்கு 4,000 லிட்டர் போதும். ஒரு சின்ன வரவுசெலவு முடிந்துவிட்டது பாருங்கள்.

இதே தண்ணீரில் நெல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தவே 40,000 லிட்டர் வேண்டும். அரை ஏக்கர் நெல் ஒரே நாளில் உங்கள் மூன்று நாள் தண்ணீரைக் குடித்துவிடும். வீட்டு அரிசிக்கென்று கொஞ்சம் நடும் பழக்கம் நம் பக்கம் விடாது. இந்த வருஷம் மட்டும் விட்டுவிடுங்கள்.

தென்னையில் காய் எதிர்பார்க்காதீர்கள், மரத்தைக் காப்பாற்றினால் போதும். அடியில் தொங்குகிற மூன்று நான்கு ஓலையை வெட்டிவிடுங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்குத் தேங்காய் மட்டையைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்புங்கள், மரத்துக்கு 100 மட்டை. மட்டை இல்லையென்றால் வெட்டிய காய்ந்த ஓலையையே பரப்பலாம். தண்ணீர் இன்னும் குறைந்தால் மரத்துக்கு 20, 25 லிட்டராக இறக்கலாம், மரம் சாகாது. வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும், சொட்டுநீர் போடுங்கள். 5 ஏக்கருக்குள் இருப்பதால் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் 100 சதவீத மானியம் உண்டு.

மாடு விஷயம்தான் எனக்குக் கவலை. வறட்சியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பொய்கைக்கு ஓட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போய் நின்று பார்த்தால் தெரியும், விற்க வந்த கூட்டம்தான் அதிகம் இருக்கும், வாங்க வந்தவர் பல்லைப் பார்க்கக்கூட அவசரப்படமாட்டார். மழை வந்த பிறகு அதே மாட்டை அந்த விலைக்கு வாங்க முடியாது. கொத்து வேலைக் காசும் ஷூ கம்பெனிச் சம்பளமும் மாசம் ஒரு தடவைதான் வரும், பால் காசு கைக்கு வந்துகொண்டே இருக்கிற காசு. கணவரும் மகனும் வெளியூரில் இருக்கும்போது அந்தக் காசு உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சினை மாட்டையும் கிடாரியையும் விற்காதீர்கள். மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். வறட்சியில் தாது உப்புக் குறைவால் மட்டுமே நிற்காமல் போவது உண்டு. தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்து அடுத்த பருவத்தையும் பார்த்துவிட்டு, அப்புறமும் நிற்கவில்லையென்றால் அதை விற்று நாலைந்து பெட்டை ஆடு வாங்குங்கள். மேய்க்க ஆள் யார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மாமியாரின் முழங்கால் தாங்க வேண்டும்.

20 சென்டில் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணை (தண்டுத் துண்டு) நடுங்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால் ஏக்கருக்கு வருஷத்துக்கு 150 டன் வரை வரும். உங்கள் நிலைமையில் அதில் பாதிதான் என்றாலும் நாளைக்கு 40 கிலோ பசுந்தீவனம், இரண்டு மாட்டுக்கும் தலா 20 கிலோ. வரப்பில் வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தண்ணீர் தட்டுப்பாட்டில் தொட்டியில் தண்ணீர் தேக்கி வெயிலுக்குக் கொடுப்பானேன்?

நேப்பியர் முதல் அறுப்புக்கு வர இரண்டரை மாதம் ஆகும். அதுவரை வைக்கோல்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடிவையுங்கள். 21 நாள் கழித்துத் திறந்தால் மூக்கைத் துளைக்கும். கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள். யூரியா அளவைக் கூட்டாதீர்கள், கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது வேண்டாம்.

மீதி 2 ஏக்கர் மானாவாரிக்கு. அடுத்த மழைக்குச் சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடை உழவு போட்டுவிடுங்கள். ஆடியில் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை), ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. அரை ஏக்கர் கேவுரு (கேழ்வரகு). மல்லாட்டையில் பூ உதிர்ந்து ஒரு வாரத்தில் விழுது ஊசி மாதிரி கீழே இறங்கும். அப்போது மண் ஓடு கட்டியிருந்தால் விழுது நுனி கருகி வெளியிலேயே நிற்கும், குனிந்து பார்த்தாலே தெரியும். அதனால் 45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, மண்ணைக் கொத்தி அணைத்துவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கட்டணம் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம்தான், தேதி முடிவதற்குள் கட்டுங்கள். ஆவணி பாதி வரை மழை ஏமாற்றினால் மல்லாட்டை விதையைத் தொடாதீர்கள், புரட்டாசியில் கொள்ளு தூவிக்கொள்ளலாம். விதை ரகத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

வற்றிய கிணற்றை மறந்துவிடாதீர்கள். நான் போர் வேண்டாம் என்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கிணறுதான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது எத்தனை கிணறுகள் நிரம்பின என்று நினைத்துப் பாருங்கள். ஆறு தினம் வராது, உங்கள் நிலத்து மழை வருஷா வருஷம் வருகிறது. 50 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் ஒரு ஏக்கரில் 2 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தாலே 40,000. நிலத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து கிணற்றுக்கு ஒரு வாய்க்கால் இழுங்கள். கிணற்றுக்குப் பத்தடி முன்னால் ஆறடிக்கு ஆறடி குழி, அடியில் கருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல். வண்டல் அங்கே தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகும். சாணம், மருந்து கழுவிய தண்ணீர் அந்த வாய்க்காலில் கலக்கக்கூடாது. ஏரி வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி கொடுக்கும் நேரம் இது, மல்லாட்டைக் கொல்லைக்கு நாலு டிராக்டர் அடித்தால் செம்மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடிக்கும்.

வாளிக் கணக்கு மூன்று நாளைக்கு எடுத்து, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், எத்தனை அடியில் இறக்கியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மோட்டார் பெரிதாக இருந்தாலும் இப்படித்தான் சீக்கிரம் காற்று இழுக்கும். அப்படியிருந்தால் சின்ன மோட்டாராக மாற்றுவதைப் பற்றி அடுத்து பேசலாம்.