டிஜிட்டல் உள்ளீட்டில் டிரான்ஸ்பார்மர் எதற்கு?

கேள்வி: டிஜிட்டல் சைகையை அனலாக் ஒலிச் சைகையாக மாற்றும் என் டிஏசி கருவியைத் திறந்து பார்த்தேன். கோஆக்சியல் உள்ளீட்டை ஒட்டி, விரல் நகத்தளவில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. வருவதோ ஒன்றும் சுழியும்தான். அதற்கு இது எதற்கு? எடுத்துவிட்டு நேரடியாக இணைத்தால் ஒலி தெளியும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: எடுக்க வேண்டாம். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக அது அங்கே வைக்கப்படவில்லை. கணினியும் ஆம்ப்ளிபயரும் தனித்தனியே எர்த் செய்யப்பட்டிருந்தால், இடையில் செல்லும் கேபிள்களின் வெளி உறை வழியாக ஒரு வளையம் உருவாகி, அதில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாயும். சுமார் 0.5 வோல்ட் அளவில் வரும் டிஜிட்டல் சைகையை அது பெரும்பாலும் கெடுப்பதில்லை. ஆனால் டிஏசியின் எர்த் வழியே கடந்து, அனலாக் கேபிளின் உறையில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஸ்பீக்கரில் இரைச்சலாக வெளிப்படும். டிரான்ஸ்பார்மரில், கம்பித் தொடர்பே இல்லாத இரு சுருள்களுக்கிடையே காந்தப் புலம் மட்டும் சைகையைக் கடத்துவதால், அந்த வளையம் அறுபடுகிறது.

நேர்மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரைக் கடக்காது என்பதால், தொடர்ந்து ஒரே இலக்கம் வந்தால் என்னாகும் என்ற ஐயம் எழலாம். கோஆக்சியல் உள்ளீட்டுக்கு வரும் டிஜிட்டல் சைகையின் வடிவமான எஸ்/பிடிஐஎஃப் முறையில் ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் மாறுகிறது. பிட் ஒன்று எனில் நடுவிலும் ஒருமுறை மாறுகிறது. ஆகவே சராசரி சுழியிலேயே நிற்கிறது, முனைகள் தலைகீழானாலும் பாதகமில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு நொடிக்கு 30.72 லட்சம் பிட்டுகள் செல்வதால், சிறு ஃபெரைட் வளையமும் சில சுற்றுகளுமே போதும். ஸ்டூடியோக்களின் ஏஇஎஸ்3 இணைப்புக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த வடிவத்தில் டிரான்ஸ்பார்மர் கட்டாயம்.

நண்பர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அதிர்வெண் வீச்சு குறுகிய மலிவான டிரான்ஸ்பார்மர் சைகையின் விளிம்புகளை மழுங்கடித்து, ஜிட்டர் எனப்படும் நேரப் பிசகை உண்டாக்கும். அதில் ஒரு பகுதியை ரிசீவர் சிப்பே வடிகட்டிவிடும். மேலும், சுருள்களுக்கிடையிலான சிறு மின்தேக்கம் வழியே உயர் அதிர்வெண் இரைச்சல் கசியும். இவற்றுக்குத் தீர்வு தரமான டிரான்ஸ்பார்மரே. செலவைக் குறைக்க டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் கெப்பாசிட்டர், நடுக் கம்பியில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்குமே தவிர, உறையின் இணைப்பு அப்படியே இருக்கும்.

மின்சாரத்தைத் துண்டித்து, எல்லாக் கேபிள்களையும் கழற்றியபின், உள்ளீட்டுச் சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் கருவியின் உலோகப் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் ஒலி கேட்டால், டிரான்ஸ்பார்மர் இருந்தும் பயனில்லை. கேபிளின் உறை, உள்ளீட்டுச் சாக்கெட்டிலேயே கருவியின் எர்த்துடன் சேர்ந்துவிடுகிறது. இரைச்சலும் இருந்தால், உலோகத் தொடர்பே இல்லாத ஆப்டிகல் உள்ளீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.